ஏலக்காரரின் மேல்தாடை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு யேசுதாஸின் மேல்பல் செட் வாயிலிருந்து கழன்று வாளித் தண்ணீரில் விழுந்தது. அப்போது அவர் குளியலறையில் ஒரு வாழைத்தாரை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வாழைத்தார் அங்கே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமைதான் வரும். "ஒருதரம்" நன்றாக வந்தது. "ரெண்டுதரம்" சுமாராக வந்தது. "மூணுதரம்" என்றபோது பல் போய்விட்டது.

ஞாயிறு, சபையில் அறுப்பின் பண்டிகை. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் காய்கறி, கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஏலம் விடுவார்கள். செகந்திராபாத்தின் அந்தத் தமிழ்ச் சபையில் ஏல மைக் இருபது வருடங்களாக யேசுதாஸின் கையில் இருந்தது. உப்பலில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு போல்ட்டைக்கூட லேசில் வெளியே விட்டதில்லை. இங்கே ஒரு சுரைக்காயைக்கூட லேசில் விடமாட்டார். மூன்றாம் தரம் சொல்வதற்கு முன் நிறுத்துவார். "சைனிக்புரிக்காரங்க பாத்துக்கிட்டே இருங்க. உப்பல்காரங்க உங்க கண்ணு முன்னால தூக்கிட்டுப் போறாங்க" என்பார். சைனிக்புரி கையைத் தூக்கும். உடனே உப்பல் பக்கம் திரும்புவார். ஒரு வருடம், ஆயர் கொடுத்த சுரைக்காயை ஆயரையே திரும்ப வாங்கவைத்தார்.

"மறுபடி விழுந்துட்டா?" குளியலறைக்கு வெளியிலிருந்து அவர் மனைவி ஞானசௌந்தரி கேட்டாள்.

யேசுதாஸ் செட்டைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். "இடுக்குது. ஏற மாட்டேங்கு. பல்லு சின்னதாப் போச்சு."

"பல்லு எப்படிங்க சின்னதாப் போவும்? வெளுத்ததும் சுருங்க அது என்ன துணியா?"

"போவாது. சின்னதாவே செஞ்சு குடுத்திருக்கா. அவ அப்பனுக்காக."

செய்து கொடுத்தவள் எமி. சைனிக்புரியில் பல் கிளினிக் வைத்திருக்கிறாள். அவள் அப்பா வெஸ்லி, சபைக் கமிட்டிக்காரர். போன வருடம் கமிட்டிக் கூட்டத்தில், "அண்ணாச்சிக்கும் வயசாகுது. யாராச்சும் ஒருத்தர் கூட நின்னு பழகிக்கிட்டா நல்லது" என்று சொன்னவர். அந்த ஒருத்தர் யார் என்பதில் யேசுதாஸுக்குச் சந்தேகமே இல்லை.

"கூட்டம் முடிஞ்சுது. மொத செட் இடுக்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது செட் செஞ்சா. பண்டிகை வருது, அதுவும் இடுக்குது. கணக்கு புரியுதா?"

"புரியல."

"உனக்குப் புரியாது."

ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட்டைத் தலையில் வைத்து அமுக்கினார். அது காதுக்கு மேல் நின்றது. கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டினார்.

ஞானசௌந்தரி பின்னால் ஏறிக்கொண்டு கேட்டாள். "ஹெல்மெட் கம்பெனிக்காரனும் வெஸ்லிக்குச் சொந்தமா?"

அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சைனிக்புரி வந்துதான் நிறுத்தினார்.

எமி செட்டை அவர் வாயில் மாட்டிப் பார்த்தாள். ஏறவில்லை. திருப்பிப் பார்த்தாள். மேல் ஈறு நெடுக விரலை ஓட்டினாள். பிறகு அவர் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"போட்டுட்டு வரலையா, மாமா?"

"ஏறல. இப்பல்லாம் சின்னதாத்தான் செய்யான்."

"புதுசா?"

"நாலு வருஷமாப் போடுதேன்."

"நாலு வருஷமாப் போட்டது இப்ப சின்னதாயிடுச்சா? கைக்கு?" ஏன் என்பதை எமி ஹைதராபாத் பாணியில்தான் கேட்பாள்.

"வெயில்ல வச்சா சுருங்கும். ஹைதராபாத் வெயில் தெரியும்லா?"

மூக்குக் கண்ணாடியின் காம்புகள் அவருடைய நெற்றிப்பொட்டில் இரண்டு சிவந்த பள்ளங்கள் போட்டிருந்தன. எமி அவற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அதுவும் வெயில்ல சுருங்கினதுதான்" என்றாள் ஞானசௌந்தரி.

"காது எப்படிக் கேக்குது, அத்தை?"

"நான் கூப்புட்டா கேக்காது. உங்கப்பா பேரைச் சொன்னா கேக்கும்."

எமி சிரிக்கவில்லை. அது யேசுதாஸுக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளி சிரித்து மழுப்ப வேண்டும், அதுதான் முறை. அவள் ஸ்ட்ராபெரி வாசனை அடித்த ஏதோ ஒரு களிம்பை அவர் வாய் நிறைய அடைத்து அச்செடுத்தாள். வெளியில் உட்காரச் சொன்னாள். மீன் தொட்டியில் ஒரே ஒரு மீன் இருந்தது. அது வாயைத் திறந்து திறந்து மூடியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டபோது மேசைமேல் இரண்டு மாவு அச்சுகள் இருந்தன.

"இது ரெண்டாவது செட்டுக்கு எடுத்த உங்க மேல்தாடை. இது இன்னிக்கு எடுத்தது." எமி பல் செட்டைப் பழைய அச்சில் வைத்தாள். பாத்திரத்தில் மூடி உட்கார்வதுபோல் உட்கார்ந்தது. புதியதில் வைத்தாள். விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றது.

யேசுதாஸ் புதிய அச்சை உற்றுப் பார்த்தார். "இது யாரு வாயி?"

"உங்க வாயிதான், மாமா."

"எனக்கு இம்புட்டுப் பெரிய வாயி கிடையாது."

ஞானசௌந்தரி ஏதோ சொல்ல வந்தாள். எமி அவளைப் பார்த்தாள். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பல்லு சின்னதாகல. தாடை எலும்பு பெருசாகுது" என்றாள் எமி. "தலை எலும்பும்னு நினைக்கிறேன். அதான் ஹெல்மெட், கண்ணாடி, காது. ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை. அதுவரைக்கும் புது செட் நக்கோ, வேண்டாம்."

"ஞாயித்துக்கெழம ஏலம்."

"தெரியும், மாமா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"இப்ப செஞ்சு தந்தாலும் ஆறு மாசத்துல அதுவும் ஏறாது."

"எனக்கு ஆறு மாசம் வேண்டாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் தாங்கினாப் போதும்."

எமி தலையை ஆட்டினாள். அது அவள் அப்பா கமிட்டியில் ஆட்டும் அதே ஆட்டல் என்று யேசுதாஸுக்குப் பட்டது.

மறுநாள் மெட்ரோ பிடித்து அமீர்பேட் போனார். ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி நிலையத்துக்கு மேல்மாடியில் பல் டாக்டர் ஒருவர். சீக்கிரம் செட் செய்து தருவதாக வாசலில் பெரிய பலகை. படிக்கட்டு முழுக்க ஹாஸ்டல் பையன்கள். டாக்டர் பெயர் உமேஷ், தெலுங்கர், முன்பின் பார்த்திராதவர். யேசுதாஸுக்கு அது திருப்தியாக இருந்தது. எமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வாயைத் திறந்தார்.

உமேஷ் வாயைப் பார்த்தார். வாயை விட்டுவிட்டு நெற்றியைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"முந்து தலக்கி எக்ஸ்ரே தீயிஞ்சண்டி."

முதலில் தலைக்கு எக்ஸ்ரே எடுங்கள். யேசுதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"மீக்கு வெஸ்லி தெலுசா?" உங்களுக்கு வெஸ்லியைத் தெரியுமா என்று தெலுங்கிலேயே கேட்டார்.

"எவரு?" என்றார் உமேஷ்.

நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே யேசுதாஸ் படியிறங்கினார். ஆனால் கீழே வந்து டீ குடிக்கையில் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். சைனிக்புரியிலிருந்து அமீர்பேட்வரை சதி செய்ய வெஸ்லிக்குத் திறமை போதாது. அவருக்கு ஒரு கூட்டத்தின் வரவேற்புரையே ஒழுங்காகச் செய்ய வராது.

வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். எமி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். மண்டையோடு தடித்துக் கிடந்தது. அதில் யாரோ பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள். எலும்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு ரத்த அளவு, இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு இருந்தது.

யேசுதாஸ் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "புத்துநோயா?" என்றார். ஏலத்தில் கேட்கும் குரல் இல்லை அது.

"இல்ல, மாமா. அதைத்தான் முதல்ல யோசிச்சேன். அப்படித் தெரியல. இதுக்குப் பேஜெட்னு பேரு. நம்ம ஊர்ல அதிகமா வராது."

"எனக்கு மட்டும் வந்திருக்கு."

"நாளைக்கு டாக்டர் ஸ்ரீகாந்தைப் பாருங்க. எலும்பு நோய்ல பெரிய ஆளு. அவர் சொல்லட்டும்."

ஸ்ரீகாந்த் வேறு ஆஸ்பத்திரிக்காரர். எமியும் கூடவே போனாள். அவர் இன்னொரு ஸ்கேன் எடுத்தார், பார்த்தார், பேஜெட் என்றுதான் சொன்னார். யேசுதாஸ் கடைசி முயற்சியாக, "மீக்கு வெஸ்லி..." என்று ஆரம்பித்தார். ஞானசௌந்தரி அவர் தொடையில் கிள்ளினாள்.

ஸ்ரீகாந்த் ஆங்கிலத்தில் சொன்னதை எமி தமிழில் சொன்னாள். "உடம்பு எப்பவும் பழைய எலும்பை இடிச்சுப் புதுசு கட்டிக்கிட்டே இருக்கும், மாமா. உங்களுக்கு சில இடத்துல ரொம்ப அவசரமா இடிக்குது. ரொம்ப அவசரமாக் கட்டுது. பெருசா வருது, ஆனா உறுதி இல்ல."

"காண்ட்ராக்டர் வேலை" என்றார் யேசுதாஸ். உப்பலில் வீடு கட்டியவர் அவர்.

"ஹவ், ஆமா மாமா. அந்தக் காண்ட்ராக்டரை அடக்கறதுக்கு நரம்புல ஒரு மருந்து ஏத்துவாங்க. அதுக்கு முன்னால உங்க கீழ்ப்பல்லு எல்லாத்தையும் நான் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்துடணும். மருந்து ஏத்தின பிறகு பல்லு பிடுங்கினா தாடை எலும்பு சில பேருக்கு ஆறாது."

"அப்ப கீழ்ப்பல்லும் உங்கிட்டதான்."

"எங்கிட்டதான்."

"மேல்செட்டு?"

"எலும்பு அடங்கினதும் செய்யலாம். சில மாசம் ஆகும். அதுவரைக்கும் பழசைப் போடாதீங்க, ஈறு புண்ணாகும்."

சில மாதம். ஏலமோ நாளை மறுநாள். லிஃப்டில் கீழே வரும்போது ஞானசௌந்தரி எமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே ஒளிரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பல் செட் சதியைச் சபையில் பாதிப் பேரிடம் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பாதிப் பேர் மீதிப் பாதிக்குச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை வெஸ்லி ஃபோன் செய்தார். ஞானசௌந்தரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பாப்பா எல்லாம் சொன்னா. அண்ணாச்சி பல்லு இல்லாமலே பண்ணட்டும். என்ன இப்போ? நம்ம ஜனங்கதானே."

யேசுதாஸ் ஃபோனையே பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒரு பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. முதல் தரமே காற்றாகப் போனது. இரண்டாம் தரம் சுவரெல்லாம் எச்சில். மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்த ஞானசௌந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் நின்றுவிட்டது. நெடுநேரம் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அவனையே பண்ணச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நீ சொல்லு."

ஞாயிறு அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு, யார் தோத்திரம் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார். எமி இரண்டு வரிசை பின்னால் இருந்தாள். வெஸ்லி மைக்கை வாங்கினார். சட்டை ஏற்கெனவே முதுகோடு ஒட்டியிருந்தது. இருபது வருடமாக இந்த மைக்குக்கு ஏங்கிய ஆளின் முதுகு மாதிரி அது இல்லை.

வெஸ்லி நல்லவர். ஏலத்துக்கு அதைவிடக் கெட்ட குணம் கிடையாது. யாராவது கையைத் தூக்கினால் அவர் முகம் மலர்ந்துவிடும். "சந்தோஷம், பிரதர். ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பொருளைக் கையில் கொடுத்துவிடுவார். வாழைத்தார் போயிற்று. முட்டைத் தட்டு போயிற்று. கேட்க நினைத்தவர்கள் மூச்சை இழுப்பதற்குள் கேக் போயிற்று. உப்பலுக்கும் சைனிக்புரிக்கும் நடுவே அப்படியொரு சமாதானம் அந்த வளாகத்தில் அதுவரை இருந்ததில்லை. பொருளாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். யேசுதாஸ் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து சேவல் வந்தது. நாட்டுச்சேவல். சிவப்பும் கறுப்புமாக, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. ஒவ்வொரு வருடமும் யேசுதாஸ் அதைக் கடைசியாகத்தான் விடுவார். அதை மட்டும் கால்மணி நேரம் விடுவார். வெஸ்லி அதை நடுவிலேயே தூக்கிவிட்டார். பின்வரிசையில் ஒரு பையன் விளையாட்டுக்கு ஏதோ ஒரு சொற்பத் தொகையைச் சொன்னான்.

"சந்தோஷம், தம்பி" என்றார் வெஸ்லி. "ஒருதரம் ரெண்டுதரம்..."

யேசுதாஸ் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வலது கை தலைக்கு மேல் விரிந்து நின்றது. வாய் இறுக மூடியிருந்தது. ஞானசௌந்தரி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கை இறங்கவில்லை. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சேவலும் பார்த்தது.

வெஸ்லி மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். அவர் மெதுவாகக் கேட்டது மதில்சுவரைத் தாண்டி ரோடு வரை கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க சேவலைக் கேக்கீங்களா, மைக்கைக் கேக்கீங்களா?"