தங்கை போட்ட பிளாக்

என் தங்கை புருஷன், ஆட்கள் படமும் சேதியும் போடும் ஒரு செல்போன் செயலியின் முதலாளி. நான் அதே அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. ஊரார் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது; மச்சான் சும்மாதானே இருக்கிறான் என்று என்னைப் பிடித்துப் போட்டார்.

செயலியின் பெருமை ஒன்றே ஒன்றுதான். ஒருவர் உங்களை பிளாக் செய்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் அவர் பக்கத்தைப் பார்க்க முடியாது, முதலாளியாலேயே முடியாது. தட்டிப் பார்த்தால், ‘இவருக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லை’ என்று வரும். அந்த வரியை எழுதியவர் மாப்பிள்ளைதான். எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள் என்று மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. புதிதாகச் சேருபவர்களுக்கு மாதிரி காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. தூங்கி எழுந்த கோலத்தில், தலை வாராமல், வாயில் பிரஷ்ஷோடு நின்ற என் தங்கையின் படத்தைப் போட்டுவிட்டார். கேட்டால், இயல்பாக இருக்கிறதாம். அவளுக்கு விஷயம் தெரிந்து அவர் படத்தை நீக்குவதற்குள் மானம் கப்பலேறிவிட்டது. அவரை பிளாக் செய்துவிட்டு, பெட்டியும் கையுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

இந்த நேரம் பார்த்து முதலீட்டாளர்கள் வந்து சேர்ந்தார்கள். பிளாக்கை உடைக்க முடியாது என்று காட்டினால் பணம். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை பெரிய திரையில் தன் மனைவியின் பக்கத்தைத் தட்டினார். அவர் எழுதிய வரி சுவர் நிறைய வந்து நின்றது. மறுபடி தட்டினார், மறுபடி வந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்த பொருள் மேல் இத்தனை பாசமா என்று வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டி, பணம் தர ஒப்புக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

“என் பக்கத்துக்குள்ள போய்ப் பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

“பாக்க முடியுமா?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். உண்மை எங்கள் இரண்டு பேருக்கும் செயலியை எழுதிய புரோகிராமருக்கும் மட்டுமே தெரியும். வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“முடியும். உள்ள போக ஒரு வழி வெச்சிருக்கோம். நான் போகல.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதி நாள் எங்கள் செயலியில்தான் குடியிருக்கிறார்கள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

தங்கை கதவை முழுதாகத் திறந்தாள். “எங்கிட்ட சொன்னதை அந்தப் பணம் தரவங்ககிட்டயும் சொல்லிட்டு வாங்க. நான் கிளம்பி வரேன்” என்றாள்.

ஒரு பொத்தானுக்கு நிறம் முடிவு செய்யவே வாரக்கணக்கில் கூட்டம் போடும் மனிதர், யோசிக்காமல் சரி என்றார். மறுநாள் சொல்லியும் விட்டார். முதலீட்டாளர்கள் முன்னால் வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். மதியத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று.

சாயங்காலம் தங்கை வண்டியில் ஏறினாள். பெட்டியை வாங்கி வைக்கும்போது மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும்தான் அழுகை வந்தது. வேலை போன துக்கம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.