அந்தப் பெனால்டிக்கும் சேர்த்து

ஸ்டேடியத்தின் பின்வாசலில் வண்டி நின்றதும், சித்தப்பா கதவைத் திறந்துவிடாதபடி ஃபரங்கீஸ் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல எனக்கு வாக்குக் கொடுங்க," என்றாள். "எல்லார் அடக்கத்துலயும் கேட்கிற மாதிரி பொதுவா மன்னிப்புக் கேளுங்க, போதும். பெனால்டிங்கிற பேச்சு உங்க வாயில வரக் கூடாது."

கொபாத் சித்தப்பா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருடைய அண்ணன் ஷாபூர், ஊர் அணியின் மஞ்சள் துணி போர்த்திய பெட்டியில் படுத்திருந்தார். பெட்டியின் விளிம்பில் கை வைத்தபடி ஃபரங்கீஸின் அம்மா மோனீர் உட்கார்ந்திருந்தாள்.

"அதைச் சொல்லிக் கேட்கச் சொன்னதே உங்கப்பன்தானே, கண்ணு," என்றார் சித்தப்பா.

அது உண்மைதான். போன வாரம், ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து தள்ளிவிட்டு அப்பா அதைச் சொன்னபோது ஃபரங்கீஸும் பக்கத்தில்தான் இருந்தாள். இறந்தவர்மீது யாருக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் மன்னித்துவிடுங்கள் என்று அடக்கத்துக்கு முன்னால் கூட்டத்திடம் கேட்பார்கள். கூட்டமும் 'ஹலால்', மன்னித்தோம் என்று முணுமுணுக்கும். பாதிப் பேர் கைபேசியைப் பார்த்தபடியே சொல்வார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. கடவுளுக்கு இழைத்ததைக் கடவுள் மன்னிப்பார், மனிதர்களுக்கு இழைத்ததை அந்த மனிதர்கள்தான் மன்னிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அந்தப் பெனால்டியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அதுவும் அது நடந்த மைதானத்திலேயே கேட்க வேண்டும் என்றார்.

பெயர் சொல்லிக் கேட்டு, ஒரே ஒருவன் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல்லோடு அப்பாவை மண்ணில் இறக்க வேண்டும். அம்மா அதைக் காதால் கேட்க வேண்டும். ஃபரங்கீஸின் பயமெல்லாம் அதுதான்.

"கதவை விடுடி," என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஃபரங்கீஸ் கையை எடுத்தாள்.

ஆபாதானில் பந்து தெரியாத வீடு கிடையாது. எண்ணெய் ஆலையின் மதிலுக்குப் பின்னால், கால் சுடும் மணலில், செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்து ஆடிப் பழகியவர் ஷாபூர். ஊர் அணியில் இடம் கிடைத்த வருடமே போர் வந்தது. குடும்பம் ஷிராசுக்கு ஓடியது. அணியும் ஊர் ஊராக அலைந்து, அடுத்தவர் மைதானங்களில் ஆடியது. பிறகு தெஹ்ரானின் பெரிய அணி ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. தேசிய அணியின் சட்டையைக்கூடச் சில முறை போட்டார். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்துதான். முட்டி தேய்ந்த பிறகு, கடைசியாக ஒரு பருவம் சொந்த ஊருக்கு ஆடலாம் என்று திரும்பி வந்தார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். ஒரு கோல் போட்டால் ஊர் அணி முதல் டிவிஷனில் தங்கும். நடுவர் பெனால்டி கொடுத்தார். பந்தை எடுத்து வைத்தது ஷாபூர். உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, ஜனங்களுக்கு நடுவே போய் விழுந்தது. அணி கீழே இறங்கியது. மேலே ஏறி வர ஊர் எத்தனையோ வருடம் காத்திருந்தது.

யாரும் அவரை அடிக்கவில்லை. ஆபாதான்காரனுக்கு அடிக்கத் தெரியாது, கிண்டல்தான் தெரியும். ரொட்டிக்கடை வரிசையில் நின்றால், "மேல பாத்து நில்லுங்கப்பா, ஷாபூர் வந்திருக்கான், ரொட்டி பறக்கும்" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு ஒருநாள் வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ரொட்டி வாங்கப் போனது ஃபரங்கீஸ்தான்.

இன்று விடியற்காலையில் அவருடைய இழுப்பு நின்றபோது, அந்த அறையில் வந்த அமைதி அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

பழைய ஆட்டக்காரர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்திருந்தது, ஒருவர் விந்தி நடந்தார். "எதிரணிக்காரனைக்கூட இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கினதில்ல," என்று யாரோ முனகினார். பெண்களை உள்ளே விடாத அந்த மைதானத்துக்குள் ஃபரங்கீஸ் வருவது இதுவே முதல் முறை. பெட்டியோடு வந்தவளை இன்று யாரும் தடுக்கவில்லை.

கேலரியில் அவள் நினைத்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பெட்டி மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, வடக்குப் பக்கக் கோலுக்கு எதிரே, பெனால்டிப் புள்ளிக்குப் பக்கத்தில் இறங்கியது. அங்கேதான் இறக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. குருடனும் அடிப்பான் என்று ஊரே சொன்ன கோல் அது. அங்கிருந்து பார்க்கையில் அது சின்னதாக இருந்தது.

முல்லா தொழுகையை முடித்து வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல 'ஹலால்' என்ற முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஃபரங்கீஸ் மூச்சு விட்டாள். அதற்குள் கொபாத் சித்தப்பா மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எங்கண்ணன் இன்னொண்ணும் கேட்கச் சொன்னான்," என்றார். "அந்தப் பெனால்டி. அதுக்கும் சேர்த்து ஹலால் பண்ணுங்க. மனசில்லாதவங்க சொல்ல வேண்டாம்."

கேலரியில் ஒரு சத்தம் இல்லை. வெயில் மட்டும் கொதித்தது. ஃபரங்கீஸ் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கோலுக்குப் பின்னால் இருந்த படிகளில் ஒரு கிழவர் மெல்ல எழுந்தார். மீன் சந்தை ஜாசிம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வாய்.

"நான் பண்ண மாட்டேன், கொபாத்," என்றார்.

சித்தப்பா மைக்கைத் தாழ்த்தினார்.

"அந்தப் பந்து எங்க போய் விழுந்துச்சுன்னு இதுவரைக்கும் எவனாவது கேட்டானா?" ஜாசிம் விடவில்லை. "என் மூஞ்சியில விழுந்துச்சு. என் கறுப்புக் கண்ணாடி நொறுங்கிப்போச்சு. அசல் அமெரிக்கக் கண்ணாடி. என் கல்யாணத்துக்கு வாங்கினது. பெனால்டி கிடக்கட்டும், அதை நான் அன்னிக்கு ராத்திரியே மன்னிச்சிட்டேன். அந்தக் கண்ணாடிக்கு யார்யா பதில் சொல்றது?"

"அசலாம்," என்றது எதிர்க் கேலரியிலிருந்து ஒரு குரல். "கோர்ரம்ஷஹர் நடைபாதைக் கடையில நீ பேரம் பேசினப்போ நான் பக்கத்துல நின்னேன்டா."

முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். அது ஒரு வரிசையைப் பிடித்தது, பிறகு ஒரு பகுதியை, பிறகு கேலரி முழுவதையும். பெட்டி தூக்கி வந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். முல்லா தாடியைத் தடவியபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜாசிம் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"சரி, ஷாபூர்," என்றார் பெட்டியைப் பார்த்து. "கண்ணாடியும் ஹலால்."

அப்புறம் எழுந்த 'ஹலால்' முணுமுணுப்பாக இல்லை. கோல் விழுந்தால் எழும் சத்தம் வீட்டு மாடிவரை கேட்கும், ஃபரங்கீஸ் சிறுவயதில் அதைக் கேட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. சித்தப்பா மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை மறுபடி தூக்கினார்கள். அம்மா நகரவில்லை. தலை குனிந்திருக்க, உடல் மூடப் போர்த்தியிருந்த சாதர் துணிக்குள் தோள்கள் குலுங்கின. பார்த்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி முகத்தில் பன்னீர் தெளித்தாள். ஒருத்தி, "அழுதுடு மோனீர், அடக்கி வைக்காதே," என்று முதுகைத் தடவினாள்.

ஃபரங்கீஸ் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாதரின் ஓரத்தை இழுத்து, அந்தச் சிரிப்பு வெளியே தெரியாதபடி மூடிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனாள்.