முதல் ஆயிரம் கிலோமீட்டர்

1

இது சிரிப்புக் கதையாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாரப் பத்திரிகை ஒன்றில் மாதம் இரண்டு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் அக்காவுக்காகப் புது வண்டி ஒன்றை எடுத்துவர அத்தானோடு பக்கத்து மாநிலத்துக்குப் போனபோது சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். திரும்பும் வழியில் அதில் பதினோரு பக்கம் எழுதினேன். அந்தப் பதினோரு பக்கத்திலிருந்துதான் இந்தக் கதை வருகிறது. நாங்கள் வண்டியோடு வீடு சேர்ந்தபோது அக்கா உயிரோடு இல்லை.

இதுவரை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றிலும் ஒரு போன் அழைப்பு விட்டுப்போயிருக்கிறது. மறதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த முறை அதை எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நான் நழுவப் பார்த்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

2

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்.

(அ) "நெடுஞ்சாலையில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்தியது. முந்தும்போது அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கையால் கேட்டார்." (பத்திரிகை ஆசிரியர் இதைப் பார்த்தால் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். லாரி நிஜம். டிரைவர் கேட்டது என் கைச்சரக்கு.)

(ஆ) "வேகத்தைக் கண்டுபிடித்த மனிதன், காத்திருப்பது என்ற ஒன்றையே" (இதற்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை.)

(இ) "அக்கா கண்ணால் பேசுவாள்."

மூன்றாவதுதான் உண்மை. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் அவளுக்கு. முதலில் விரல்கள் போயின, பிறகு கால்கள், போன வருடம் நாக்கு. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிய ஓர் அட்டையை நர்ஸ் அவள் முகத்துக்கு நேரே பிடித்து விரலை நகர்த்துவாள். சரியான எழுத்து வந்ததும் அக்கா இமைப்பாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அதனால் அக்கா ஒரு வார்த்தையைக்கூட வீணாக்க மாட்டாள். அதே வயிற்றில் பிறந்தவன்தான் முழ நீளத்துக்கு எழுதுகிற நானும்.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றக்கூடிய வண்டி இருக்கிறது, பின்னால் சாய்பலகை இறங்கும் என்று அத்தான் சொன்ன அன்று, அவள் அட்டையைக் கேட்டாள். "முன்னால் உட்காரணும்." நான்கு நிமிஷம். ஏழு மாதமாக அவள் வெளியே போனதெல்லாம் ஆம்புலன்ஸில், படுத்தபடி. ஆம்புலன்ஸில் கூரையைத்தான் பார்க்க முடியும். அவளுக்குச் சாலை பார்க்க வேண்டியிருந்தது.

3

இங்கே கதாபாத்திரத்தை அறிமுகம் செய்ய வேண்டும். முதல் மூன்று பிரதிகளிலும் அத்தானைப் பிடிவாதக்காரர் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இப்படிச் சொன்னால் போதும்: அத்தான் மெக்கானிக். சொந்தப் பட்டறை, இருபத்திரண்டு வருடம். வாடிக்கையாளர் யாராவது புது வண்டி வாங்கினால் இஞ்சின் பழகட்டும், முதல் ஆயிரம் கிலோமீட்டர் எண்பதைத் தாண்டாதே என்று சாவியைக் கையில் கொடுக்காமல் நின்று சொல்லுவார். வண்டியோடு வரும் கையேட்டிலும் ஏறக்குறைய அதுதான் இருக்கிறது. ஆனால் இவர் சொல்வதைக் கேட்டால் கையேட்டை எழுதியவரே இவர்தான் என்று தோன்றும்.

முன் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நாற்காலியை நிறுத்தக்கூடிய வண்டிக்கு எங்கள் ஊரில் எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். எட்டு மாதக் கணக்கெல்லாம் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அத்தான் இருபது இடத்துக்குப் போன் போட்டார். பக்கத்து மாநிலத்தில், தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஒரு வண்டி தயாராக நின்றது. அவர்களே டிரைவர் வைத்து வீட்டுக்கு அனுப்பித் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் ரயிலேறிப் போய்ச் சேரும் நேரத்துக்கு வண்டி எங்கள் வாசலுக்கே வந்திருக்கும்.

"எவனோ ஒருத்தன் பச்ச இஞ்சின நூத்திருபதுல விரட்டிக்கிட்டு வந்து குடுப்பான். உங்கக்கா உக்காரப்போற வண்டி மாப்ளே. முதல் ஆயிரம் நான்தான் ஓட்டணும்."

இந்தத் தப்பை ஒரு மெக்கானிக்கால்தான் செய்ய முடியும். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போதே கட்டுரை வாசனை அடித்துவிட்டது.

ஷோரூமில் விற்பனையாளர் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். இவ்வளவு அபூர்வமான வண்டி எப்படி விற்காமல் நின்றது என்று அத்தான் கேட்டார்.

"ஒருத்தர் புக் பண்ணியிருந்தார் சார். அப்புறம் வேணாம்னுட்டார்."

"வண்டியில ஏதாவது குறையா?"

"வண்டியில இல்ல சார்."*

* விற்பனையாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதில் உட்கார வேண்டியவர் வண்டி வரும்வரை இருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அத்தான் அதற்குள் எழுந்து போய் சாய்பலகையின் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நோட்டில் எழுதவில்லை. சிரிப்புக் கட்டுரையில் இதற்கு எங்கே இடம்?

4

கிளம்ப மதியம் இரண்டு மணியாகிவிட்டது. முதல் நாள் இருநூற்றெண்பது கிலோமீட்டர். இருட்டும் முன் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் ஏழு மணிக்குச் சாலையில் இருந்தோம்.

இனி வருவதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அக்கா வீட்டில் மூன்று வருடமாக யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. இங்கே அத்தான் விசில் அடித்தார். முள் எண்பதைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பிக் காதைக் கிழித்தது.

"கத்தட்டும். அவன் இஞ்சின் அவன் பாடு."

"அத்தான், நடந்து போறவங்க நம்மள முந்திடுவாங்க போல."

"நக்கலா? அக்காகிட்ட சொல்றேன் இரு. நாளைக்கே முன்னால உக்கார வச்சு கடைத்தெரு, பட்டறை, ஆத்துப் பாலம், எல்லாம் ஒரு சுத்து. அலுங்காம கூட்டிட்டுப் போறேன் பாரு."

வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். அணைத்து முன்பெட்டியில் போட்டுவிட்டார். வீட்டிலிருந்து ஏதாவது என்றால் என் எண்ணுக்குத்தான் வரும். அது நர்ஸுக்கும் தெரியும்.

5

சிக்னல் இல்லை என்று எழுதிவிடலாமா? மலைப்பாதை, ஒரு கோடுகூட இல்லை. (முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சாலையில் மலையே கிடையாது.) அல்லது பேட்டரி தீர்ந்துபோனதாக. (இரண்டாவது பிரதி. ஐம்பத்தாறு சதவீதம் இருந்தது.) அல்லது நர்ஸ் கூப்பிடவே இல்லை என்று, அவள் மேல் பழியைப் போட்டு

இல்லை. எழுதுகிறேன்.

பதினொன்று இருபது. மீட்டரில் ஐந்நூற்றெண்பது. இன்னும் நானூறு கிலோமீட்டர். அத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தி, முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து வைக்கோல் லாரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அக்காவுக்கு மூச்சு காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கு சார். டாக்டர் வந்து பார்த்துட்டார். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ வரச் சொன்னார்."

"போன மாசமும் இப்படித்தானே சொன்னீங்க சிஸ்டர்?"

"இது அப்படி இல்ல சார்." பிறகு குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. "ஒரு நிமிஷம். அட்டையக் கேக்குறாங்க."

காத்திருந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"'எங்கே'ன்னு கேக்குறாங்க சார்."

"பக்கத்துல வந்துட்டோம்னு சொல்லுங்க."

வைத்துவிட்டேன். போனைச் சத்தம் வராமல் மாற்றிக் கவிழ்த்து வைத்தேன். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறினார்.

"யாரு மாப்ளே?"

"பத்திரிகை ஆபீஸ்."

"கதை கேக்குறாங்களா?"

"ஆமா."

"நம்மளப் பத்தியே எழுதிடு." சிரித்தார். "எழுதுறதுதான் எழுதுற, எண்பதுன்னு சரியா எழுது."

6

ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் எழுத்தாளன் மனத்துக்குள் இறங்கி நான்கு பக்கம் எழுத வேண்டும். நான் இறங்கிப் பார்த்தேன். சப்பைக்கட்டுகள்தான் கிடந்தன. சொன்னால் பதறுவார், பதறி ஓட்டினால் விபத்தாகும் என்று நினைத்தேன். நர்ஸ் முன்பு இரண்டு முறை இப்படிக் கூப்பிட்டு, இரண்டு முறையும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது வேறு. கட்டுரை நன்றாக வந்துகொண்டிருந்தது. அத்தான் விசில் அடித்துக்கொண்டிருந்தார். இது கலைய வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இவ்வளவு அற்பமான காரணத்தைக் கதையில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் மூன்று முறையும் விட்டுவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நூற்றுப்பத்தில் போயிருந்தால் மூன்று மணிக்கு வீடு. சாப்பிட நிறுத்தியதையும் தேநீருக்கு நிறுத்தியதையும் சேர்த்தால்கூட நான்குக்கு முன்னால். அக்கா போனது நான்கு பத்துக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஐந்து இருபத்தைந்துக்கு. தேநீர்க் கடையில் நான் இரண்டாவது தேநீர் வாங்கினேன். அத்தான் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

தெருவில் திரும்பும்போது போனைப் புரட்டினேன். ஒன்பது அழைப்புகள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அத்தான் வண்டியை வாசலை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினார். இறங்கினார். உள்ளே போகவில்லை. சாய்பலகையை இறக்கினார். வழியில் படிந்த புழுதியைத் தன் தோள்துண்டால் துடைத்தார், நாற்காலிச் சக்கரம் வழுக்கக் கூடாதாம். பிறகுதான் அக்காவைக் கூட்டிவர உள்ளே போனார்.

நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். அவருக்கு வழிவிட்டு, என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளேயிருந்து அத்தான் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. முதலில் எழுப்புகிற மாதிரி மெதுவாக. அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெரியும், எழுத எனக்கு உரிமை இல்லை.

7

முடிவுகள்.

முதல் முடிவு: சொல்லிவிடுகிறேன். அத்தான் என்னை அறைகிறார். (நிம்மதியாக இருக்கும். எனக்கு.)

இரண்டாவது முடிவு: சொல்லிவிடுகிறேன். அத்தான் என் தோளில் கை வைத்து, விடு மாப்ளே என்கிறார். (இதை எழுதி மை காய்வதற்குள் கிழித்துவிட்டேன்.)

மூன்றாவது முடிவு: நர்ஸ் சொல்லிவிடுகிறாள். (மறு வாரமே வேறு ஊரில் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் விடைபெறவில்லை.)

உண்மையில் நடந்தது இது. பத்தாம் நாள் அத்தான் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எண்பதுல ஓட்டினேன் மாப்ளே."

நான் நோட்டை மூடி வைத்தேன்.

"நூறுல வந்திருந்தாக்கூட பார்த்திருப்பேன். ஒரு இஞ்சினுக்காகப் பார்த்தேன். அவளுக்காகப் பார்க்கல."

நான் சொன்ன பதில்: "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்? திடீர்னு நடந்தா யார் என்ன பண்ண முடியும்?"

ஆறுதல் சொன்னேன். அதையும் நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீயாவது கூட இருந்தியே என்றார்.

8

முடிக்க வேண்டிய இடம் இதுதான். என்னால் முடியவில்லை. அவர் கதை படிக்கிறவர் இல்லை. இது அச்சில் வந்தால் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது ஒப்புக்கொள்வது ஆகாது என்பது எனக்கும் தெரிகிறது. நேரில் சொல்ல மூன்று முறை பட்டறை வாசல்வரை போனேன். வா மாப்ளே, சாப்பிட்டியா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக் கேட்கிறேன். உங்களிடமும் வண்டி இருக்கும். எங்காவது ஒரு பட்டறையில் விட்டிருப்பீர்கள். அங்கே ஒரு மெக்கானிக், புது வண்டியோடு வருகிறவர்களிடம், முதல் ஆயிரமாவது ஒண்ணாவது, இஞ்சின் போனா போகுது, வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேருங்க என்று சொல்வதைக் கேட்டால், அவர்தான் என் அத்தான். இப்போதெல்லாம் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார். கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். பதினொன்று இருபதுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. உங்கள் மச்சினன் எடுத்துப் பேசினான், உங்களிடம் மறைத்துவிட்டான். தப்பு உங்கள் மேல் இல்லை.