காரநீர் விடுமுன் சிவந்தது

1

இந்தக் கதையை எழுதவைத்தது ஒரு புட்டியில் இருந்த சிவப்பு. அதற்குக் காரணம் யார் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே தீர்த்திருப்பேன். உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

முதல் தொடக்கம்: "1957இல் புதுச்சேரியில் மானமுள்ள ஒரு குடும்பம்..." அடித்துவிட்டேன். மானமுள்ளவன் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டாவது: என் மருமகள் செல்வாம்பாளுக்குக் காசம். வெளியே தெரியாது. டாக்டர் தணிகாசலம் வீட்டுக்கே வந்து ஸ்ட்ரெப்டோமைசின் போட்டார். அவள் முகம் வீங்கியது. ஊசியே சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்து, ஒரு சாயத்தை நரம்பில் ஏற்றினார். சிறுநீரகம் சரியாக இருந்தால் சாயம் சிறுநீரில் இறங்கும். காரநீர் விட்டால் சிவக்கும்.

"செவக்கலன்னா ஊசிய நிறுத்திட்டு ஆஸ்பத்திரி வார்டுல சேத்துடணும்."

(வார்டு என்றால் ஊருக்கே தெரியும். இதை நால்வரும் கேட்டோம்: நான், மனைவி அமிர்தவல்லி, மகன் ஆதிமூலம், செல்வாம்பாள்.)

2

அவள் சிறுநீரைப் புட்டியில் பிடித்துக் கூடத்து மேசையில் வைத்தோம். ஆதிமூலம் சைக்கிளில் கொண்டுபோனான். மாலையில் டாக்டரே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"முசியே," என்றார், பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன மரியாதையில். "நான் காரநீர் விடறதுக்கு முன்னாடியே செவந்திருக்கு. ரத்தமா இருக்குமோன்னு மைக்ராஸ்கோப்ல பாத்தா, மஞ்சத்தூள் தெரியுது. ஆரத்தி கரைச்சது யாரு?"

"உங்க ஆளுங்க எவனாவது..." என்றேன்.

"என் ஆளுங்க ஆரத்தி எடுத்தா எனக்கில்ல எடுப்பாங்க? இத நம்பி நாளைக்கு ஊசி போட்டிருந்தா இந்தப் பொண்ணு போயிருக்கும்."

"மஞ்சத்தூள் எல்லார் ஊட்டுலயுந்தான் இருக்கு. என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் அமிர்தவல்லி.

3

மாமியார் என்பதால் நீங்கள் முதலில் அவளைத்தான் பிடிப்பீர்கள். அதனாலேயே அவளை விடுகிறேன். ஆதிமூலம் வழியில் எங்கே நின்றான்? கேட்டால் எழுந்துபோகிறான். பாத்திரமாகவும் அவன் எனக்கு அடங்கவில்லை.

செல்வாம்பாளே செய்திருக்கலாம், பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற பயத்தில். குடும்பத்துக்குப் பழி வராத முடிவு. எழுதத் தொடங்கினேன்: "அவளே தலைகுனிந்து ஒப்புக்கொண்டு..."

அதற்குள் அவள் பேசிவிட்டாள், படுத்தபடியே.

"மஞ்சள் சமையக்கட்டுல இருக்கு மாமா. சுண்ணாம்பு உங்க வெத்தலப் பெட்டியிலதானே இருக்கு?"

(பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

4

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். டாக்டர் மறுபடி சாயம் ஏற்றிவிட்டு, புதுப் புட்டியை நீட்டியபடி நிற்கிறார்.

"இந்தத் தடவ யார் கையில குடுக்கட்டும்?"

எங்களில் யார் கை நீட்டினாலும் மற்றவர் அந்தக் கையையே பார்ப்பார்கள். யாரும் நீட்டவில்லை. செல்வாம்பாள் வாசல் பக்கம் பார்க்கிறாள். அங்கே, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு, நீங்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தில் வெளியாரை நான் விட்டதில்லை. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.