பர்கண்டி நிறத்தில் ஒரு குஞ்சு

1

“கோழிக்குத் தன் குஞ்சு எதுன்னு எப்படி மாமா தெரியும்?” என்று என் அக்கா மகள் கேட்டாள்.

முகத்தைப் பார்த்துத்தான் என்றேன்.

“எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதானே?”

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள்தான் கதை எழுத உட்காருகிறார்கள். இதோ, உட்கார்ந்துவிட்டேன்.

2

அந்தத் தாய்க்கோழியின் விழிகளில் ஒரு யுகத்தின் சோகம்

வேண்டாம். கோழியின் கண்ணில் சோகத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா?

மறுபடியும்: பியூட்டி பார்லர் அக்கா (என் அக்கா இல்லை, தெருவுக்கே அக்கா) முடிச்சாயம் கலக்கி வைத்திருந்த கிண்ணத்துக்குள், பக்கத்துப் பஞ்சர் கடையின் கோழிக்குஞ்சு ஒன்று குதித்தது.

இது தேவலை. சாயத்தின் நிறம் பர்கண்டி, அதாவது கருஞ்சிவப்பு.

3

அக்கா பதறிப்போய் வெதுவெதுப்பான நீரில் குஞ்சைக் கழுவினாள். சாயம் போனது, நிறம் போகவில்லை. துடைத்துக் கொண்டுபோய்ப் பஞ்சர் கடை முற்றத்தில் விட்டாள். தாய்க்கோழி தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தது. பிறகு நறுக்கென்று கொத்தியது. மஞ்சள் குஞ்சுகள் ஆறும் இறக்கைக்குள் சுகமாக இருக்க, இது மட்டும் டயர்களைச் சுற்றி ஓடியது.

“ஏம்மா, உனக்கு மனுஷங்க தலை பத்தாதா?” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

“அதுவா வந்து விழுந்துச்சுண்ணே!”

“தாய்ச்சூடு இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள செத்துரும். சொல்லிட்டேன்.”

(இவரை வில்லனாக்க நினைத்துக் கன்னத்தில் ஒரு மருகூட வைத்தேன். அழித்துவிட்டேன். கோபத்தில் கத்துகிறவருக்குக் குரல் நடுங்காது; இவருக்கு நடுங்கியது.)

4

சூட்டுக்கு எங்கே போவது? அக்கா கடையில் தலைமேல் கவிழ்க்கிற டிரையர் ஒன்று இருந்தது. நாற்காலியில் துண்டை விரித்துக் குஞ்சை வைத்தாள். டிரையரைத் தாழ இறக்கிச் சூட்டைக் குறைத்து வைத்தாள். ‘ம்ம்ம்’ என்று அது முனக, குஞ்சு கண்ணை மூடியது.

“இந்தச் சீட்டு காலிதானே?” என்று வந்தார் டீச்சரம்மா.

“உள்ள ஆள் இருக்கு டீச்சர்.”

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எனக்கும் இதே கலர் போட்டு விடும்மா,” என்றார்.

(போட்டுக்கொண்டு போனார். வீட்டில் யாரும் கொத்தவில்லை என்று கேள்வி.)

விழித்தால் குஞ்சு தனிமையில் கத்தியது. அக்கா ஒரு கைக்கண்ணாடியை அருகில் சாய்த்து வைத்தாள். உள்ளே இன்னொரு பர்கண்டிக் குஞ்சு! அதன்மேல் சாய்ந்துகொண்டு தூங்கிப்போனது.*

* கைவிடப்பட்டதற்கு ஒரு கண்ணாடித் துண்டையாவது கடவுள் அனுப்பிவைப்பார் என்று நம்புகிறவன் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

5

முடிவுகள்:

(அ) தாய்க்கோழி கண்ணீர் மல்கக் குஞ்சை (மறுபடியும் கண்ணா? அடித்தாயிற்று.)

(ஆ) கோழிக்கும் பர்கண்டி பூசிவிடுவது. என் அக்கா மகளின் யோசனை. கோழி நாற்காலியில் உட்கார வேண்டுமே!

(இ) டிரையர் சூட்டிலேயே வாரங்கள் போயின. சாயம் பட்ட பூமயிர் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தது. இனிமேலாவது சேர்த்துக்கொள்ளுமா? அக்கா அதை முற்றத்தில் இறக்கிவிட்டாள்.

கோழி நறுக்கென்று கொத்தியது.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் கோழி திரும்பி இன்னொன்றைக் கொத்தியது. அப்புறம் இன்னொன்றை. ஆறையும் விடவில்லை. குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, அம்மா வேலை முடிந்தது, அவ்வளவுதான். நம் குஞ்சு தலை நிமிர்ந்து நின்றது. உடன்பிறந்தவர்களோடு சரிசமமாக அடி வாங்குவதும் ஒரு மரியாதைதானே!

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே அம்மாவை நோக்கி ஓடியது. ஆறும் பின்னாலேயே ஓடின.

“யம்மா, என் மொத்தக் குடும்பமும் உன் டிரையருக்கு அடியில!” என்று கத்தினார் பஞ்சர் கடைக்காரர்.

“இருந்துட்டுப் போகட்டும்ணே. யாருக்கும் ஷாம்பு போட மாட்டேன்.”

அவர் நன்றி சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர் வாயில் இடமில்லை.

6

முன்பெல்லாம் பார்லர் அக்காவின் ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் காற்று நிற்காது. இப்போதெல்லாம் இறங்குவதே இல்லை. வண்டிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உள்ளே யாருடைய தலையிலாவது மும்முரமாக இருக்கும்போது, காற்றுக் குழாயோடு ஓர் ஆள் வருகிறார். இருபுறமும் பார்க்கிறார். குனிகிறார். காற்றடித்து மூடியைத் திருகிவிட்டுப் போய்விடுகிறார்.

“யாருமே பாக்கலைன்னா உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?” என்கிறாள் என் அக்கா மகள்.

இவள் என்னை எழுத விடமாட்டாள். ஆகவே முடிவு உங்களிடம். அக்காவிடம் உண்மையைச் சொல்ல நினைத்தால் அந்தத் தெருவுக்கு நீங்களே போய்க்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் குனியும் நேரமாக இருந்தால், கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.