சுடாத வீதி

மயிலிட்டி இராசநாயகம், ஆடுகிற வள்ளத்தில் நிமிர்ந்து நின்று வலை இழுத்த மனுசன். எழுபத்திரண்டு வயதில் அதே மனுசன் ஆடாத முற்றத்தில் இரண்டு தரம் விழுந்தார். இரண்டாம் தரம் நெற்றி பிளந்து இரத்தம் ஒழுக, "வழுக்கினது" என்று சாதித்தார். வழுக்க அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

கிளினிக்கில் தாதி ஆரபி மிஸி, தூண்டில் தங்கூசி போன்ற மெல்லிய நைலோன் நூலால் அவருடைய உள்ளங்காலில் பத்து இடத்தில் குத்திப் பார்த்தாள். அவருக்கு இரண்டு இடத்தில்தான் தெரிந்தது.

"சீனி வருத்தம் காலை விறைக்கப் பண்ணிப்போட்டுது ஐயா. நிலம் தெரியாமல்தான் விழுறியள். வெறுங்காலோடை நடக்கக் கூடாது. அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் ஐயாவின்ரை உள்ளங்காலைப் பாக்கவேணும்."

"ஓம் பிள்ளை" என்று தலையாட்டினாள் மனைவி குணலட்சுமி. ஆட்டிய தலை வீட்டுக்கு வந்ததும் வேறு யோசித்தது. மிஸி சொன்னது ஒரு பக்கம் கிடக்கட்டும், ஊர்க் கோயில் அம்மாளை விட்டால் ஆர்? மனுசன் விழாமல் நடந்தால், தேரன்று வெறுங்காலோடு வடம் பிடித்து வெளிவீதி சுற்றி வருவார் என்று நேர்த்தி வைத்தாள். நேர்ந்தவள் அவள், நடக்க வேண்டியவர் அவர். நல்ல நியாயம்!

இரண்டு மாதம் அவர் விழவில்லை. சுவரைப் பிடித்தபடியே திரிந்தால் எப்படி விழுவது? அதை அவள் யோசிக்கவில்லை.

தேரன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வீதி மணல் கொதித்ததில் இளந்தாரிகளே துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். இராசநாயகம் வடத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளாடாமல் நடந்தார்.

"இஞ்சேருங்கோ, சுடேல்லையோ?"

"துளியும் சுடேல்லையப்பா. பஞ்சிலை நடக்கிற மாதிரிக் கிடக்கு."

"என்ரை அம்மாளே!" குணலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ட சனத்துக்கெல்லாம் அந்தப் புதினத்தைச் சொன்னாள். வீட்டுக்கு வந்தும் காலைப் பார்க்கவில்லை. அம்மாள் தாங்கிய காலைச் சந்தேகப்படுவதா? மறுநாளும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அவர் படுத்திருந்த பக்கம் நாற்றம் வந்தது. வலது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். தோல் கழன்று, சதை கறுத்துக் கிடந்தது. "இதென்னப்பா?" என்று அவரும் குனிந்து பார்த்தார், வேறு யாருடையதோ காலைப் பார்ப்பது போல.

ஆஸ்பத்திரியில் கிழமைக்கணக்காக மருந்து கட்டியும் பழுது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். "நான்தான் செய்தன், நான்தான்" என்று குணலட்சுமி தலையிலடித்து அழுதாள். அவர் அவளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தாலாவது அவள் மனம் ஆறியிருக்கும், பாவி.

மறுநாள் அவர் கண் விழித்துக் கூப்பிட்டார்.

"குணம், கால் சுடுதப்பா."

"எந்தக் கால்?"

"எடுத்த கால்தான். உள்ளங்கால் நெருப்பா எரியுது, தாங்கேலாமல் கிடக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்தன்."

வலப்பக்கம் போர்வை முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து தட்டையாகக் கிடந்தது. குணலட்சுமி அவசரமாகத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். பிறகு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றாள்.