குடத்தோடு ஒரு போட்டோ

எங்கள் சுற்றுலாத் துறை டைரக்டருக்கு 1974-இல் ஒரு யோசனை பிறந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பழைய கோயில், பழைய வீடு, கடலோர கிராமம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் ஹோட்டலில் கொண்டு சேர்த்துவிட வேண்டும். நம் பெருமை முழுவதும் எட்டு மணி நேரத்தில் அடங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இடம் பார்க்க அவரே ஜீப்பில் கிளம்பினார். கடற்கரையில் தமிழ் பேசுவார்களாம்; அவருக்கோ மலையாளம்தான். அதனால் டைப்பிஸ்டான என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நகரத்துக் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த தமிழனான நான் கடலைச் சங்குமுகம் பீச்சில் மட்டுமே பார்த்திருந்தேன்.

குடைவரைக் கோயிலில் டைரக்டர் நாலு நிமிஷம் நின்றார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது, ஃபேன் போடலாமா என்று கேட்டார். அடுத்தது ஒரு பழைய நாலுகெட்டு வீடு. வீட்டுக்காரர் எங்களுக்காக முந்தின நாள்தான் டியூப்லைட் மாட்டியிருந்தார். டைரக்டர் முகம் சுளித்ததும், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னொன்றையும் போட்டார் மனுஷன்.

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு. மணல் பாதையில் பத்துப் பதினைந்து பெண்கள் தலையில் குடத்தோடு வரிசையாக வந்தார்கள். டைரக்டர் சொக்கிப்போய்க் கேமராவை எடுத்தார். மேகம் மறைத்ததால் அவர்களைத் திரும்பப் போய் வரச் சொன்னார். வந்தார்கள். குறுக்கே நாய் ஓடியதால் மறுபடியும் போய் வரச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"பாரம் கொண்டு முகமெல்லாம் வாடுதல்லோ, நாகேஸ்வரா. வெள்ளத்தக் கொட்டிட்டு வரட்டும்."

தண்ணீரைக் கொட்டச் சொன்னதையும் வெட்கமில்லாமல் தமிழில் எடுத்துச் சொன்னேன். முன்னால் நின்ற எலிசாள் என்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொட்டினா நீங்க எடுத்துத் தருவியளா சாரே? இங்க கெணத்துல உப்பு. ரெண்டு மைல் நடந்து எடுத்த தண்ணி. போன மாசம் எம் மருமவ நெறமாசத்துல கொடத்தோட விளுந்து, பிள்ள போச்சு."

மடியிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினாள். கீழே முழுக்கக் கைநாட்டு. ஊருக்கு ஒரே ஒரு பைப்பு வேண்டும், அவ்வளவுதான். சர்க்கார் ஜீப் வரட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தாளாம்.

டைரக்டரிடம் பிள்ளை போனது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு "பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.

பிறகு ஜீப்பில் சாய்ந்து நின்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தச் சுற்றுலாவின் சிகரம் குடம் சுமந்து வரும் இந்த வரிசைதான். இதைக் கெடுக்கும்படி பத்து வருஷத்துக்கு இங்கே எந்தக் குழாயும் பதிக்கக் கூடாது.

என் பென்சில் நின்றது.

"எந்தா, ஸ்பீடு கூடிப்போச்சா?"

"இல்ல சார்" என்று எழுதி முடித்தேன். வேலை நிரந்தரமாக எனக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

எலிசாள் அருகே வந்தாள். "எங்க காரியமா சாரே எளுதினிய?"

"ஆமாம்."

"பைப்பப் பத்தியும் உண்டா?"

"உண்டு."

அது பொய்யில்லை. அப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எளுதியாச்சு பிள்ள. அடுத்தது வயித்துல வரும்ப நீ சொமக்க வேண்டாம்."

அந்த மருமகள் என்னைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினாள். மற்றக் கை குடத்தைப் பிடித்திருந்தது.